ராஜினாமா கொடுத்த பிறகு மிச்சமிருக்கும் லீவு என்னவாகும்?

வேலையை விடுவதாக மெயில் அனுப்பிய கையோடு எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது: கணக்கில் பதினெட்டு நாள் லீவு கிடக்கிறதே, அதை இந்த நோட்டீஸ் காலத்திலேயே எடுத்துவிடலாமா? ஹெச்.ஆரிடம் கேட்டால் “நோட்டீஸ் பீரியடில் லீவு கிடையாது” என்பார்கள். டீம் லீடைக் கேட்டால் “எடுத்தால் அத்தனை நாள் நோட்டீஸ் நீளும்” என்பார். போன வருடம் வேலையை விட்ட நண்பரைக் கேட்டால் “அதெல்லாம் பணமா வந்துடும், விடுங்க” என்பார். மூன்றுமே சில இடங்களில் உண்மை, சில இடங்களில் தப்பு. எது எங்கே பொருந்தும் என்று தெரியாததால்தான் பலர் உழைத்துச் சேர்த்த லீவை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன். நோட்டீஸ் என்பது நீங்கள் நிறுவனத்துக்குத் தர வேண்டிய கடன். சேர்ந்திருக்கும் லீவு என்பது நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன். இரண்டும் தனித்தனி. ஒன்றை இன்னொன்றில் கழிப்பதானால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும், இரண்டுக்கும் ஒரே விலை போட வேண்டும். நடைமுறையில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்புவதால் வருபவை.

முதலில், எல்லா லீவும் ஒன்றல்ல. சி.எல். எனும் தற்செயல் விடுப்பும் உடம்பு சரியில்லாதபோது எடுக்கும் சிக் லீவும் தேவைக்காகத் தரப்படுபவை. எடுக்காவிட்டால் பெரும்பாலான நிறுவனங்களில் அவை காலாவதியாகிவிடும், பணமாக மாறாது. ஈ.எல். அல்லது பி.எல். என்று சம்பளச் சீட்டில் வரும் ஈட்டிய விடுப்புதான் இங்கே விஷயம். வேலை செய்த நாட்களுக்கு ஈடாகச் சேர்வது அது. ஆகவே, அது சம்பளத்தின் ஒரு பகுதி. “லீவு கொடுத்தார்கள்” என்று சலுகை கிடைத்ததுபோல் பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் அந்த நாட்களுக்கான உழைப்பை நீங்கள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் ராஜினாமாவுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் வருடம் முழுவதற்குமான லீவை ஜனவரி முதல் தேதியே கணக்கில் ஏற்றிவிடும். ஆப்பில் 18 என்று காட்டும். ஆனால் ஏப்ரல் கடைசியில் வெளியேறினால், நான்கு மாதத்துக்கான 6 நாள்தான் உங்களுடையது. அதற்குள் 9 நாள் எடுத்திருந்தால் 3 நாள் சம்பளத்தைக் கடைசிக் கணக்கில் பிடிப்பார்கள். சுற்றுலா போய்விட்டு வந்து ராஜினாமா கொடுக்கிறவர்கள் அதிர்ச்சியாவது இங்கேதான்.

சட்டத்தில் இருப்பது

1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க அளவு தெளிவாக இருந்தது. அதன் 79-ஆம் பிரிவின்படி, ஒரு காலண்டர் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு. வருட நடுவில் வேலையை விட்டால், 240 நாள் நிறையாவிட்டாலும் அதுவரை சேர்ந்த விடுப்புக்குப் பணம் தந்தாக வேண்டும். அதே பிரிவின் கடைசியில் ஒரு சின்ன வரி இருக்கிறது, அதிகம் பேர் கவனிக்காதது: ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கத் தர வேண்டிய நோட்டீஸ் காலத்தைக் கணக்கிடும்போது, அவர் எடுக்காமல் வைத்திருக்கும் விடுப்பைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அதாவது, “உனக்கு ஒரு மாதம் நோட்டீஸ், அதில் இருபது நாள் உன் லீவிலேயே கழிந்துவிட்டது” என்று முதலாளி சொல்ல முடியாது. இரண்டு கடனையும் தனித்தனியே வை என்று சட்டமே சொன்ன இடம் இது. ஆனால் அந்த வரி பேசியது முதலாளி ஆளை அனுப்பும்போது மட்டும்தான். தொழிலாளி தானாக விலகும்போது லீவை நோட்டீஸில் கழிக்கலாமா, நோட்டீஸ் காலத்தில் லீவு எடுக்கலாமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இன்றைய குழப்பத்தின் வேர் அந்த மௌனம்தான். அந்த இடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நியமன ஆணையில் நிரப்பிக்கொண்டது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு வந்திருப்பது பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் வருடத் தொகுப்பு. பத்துத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். 240 நாள் என்ற நிபந்தனை 180 நாளாகக் குறைந்திருக்கிறது. 20-க்கு 1 என்ற கணக்கு அப்படியே. அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக உச்சவரம்பு 30 நாள், ஆனால் கேட்டும் மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த வரம்பு கிடையாது. வேலையை விட்டால், மிச்ச லீவுக்கான பணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் தர வேண்டும்.

இதில் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் நீங்கள் வருகிறீர்களா என்பது முக்கியம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதற்குள் வரமாட்டார்கள். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று அச்சடித்திருப்பதால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிடுவதில்லை. அவர் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் கோடு (நிரல்) எழுதுகிறவருக்குப் பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும், அவர் யாரையும் வேலைக்கு எடுப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை.

தமிழ்நாட்டில் கடைகள், அலுவலகங்கள் பலவற்றுக்கும் 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உண்டு. அதன்படி ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை, 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். வேலையை விடும்போது பணம் கிடைப்பது பற்றி அதில் இருக்கும் நிபந்தனையை இரண்டு முறை படிக்க வேண்டும். முதலாளி நீக்கினால் எடுக்காத விடுமுறைக்குப் பணம். தானாக விலகினால், விடுமுறை கேட்டு விண்ணப்பித்து, அது மறுக்கப்பட்டிருந்தால் பணம். கேட்காமலே இருந்துவிட்டுப் போனவரின் பிடி அந்தச் சட்டத்தின் கீழ் தளர்ந்துவிடுகிறது. நோட்டீஸ் காலத்தில் லீவு கிடைக்காது என்று தெரிந்தாலும் எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். மறுப்பும் ஓர் ஆவணம்.

வெறும் வாய்மொழியில் “இப்போ முடியாதுப்பா, ரிலீஸ் இருக்கு” என்று வருடம் முழுக்கத் தள்ளிப்போட்டுவிட்டு, போகும்போது “நீங்கள் கேட்கவே இல்லையே” என்று கைவிரிக்கும் இடங்கள் இருக்கின்றன. இது அநியாயம். லீவு எடுக்கவிடாமல் செய்தது நிறுவனத்தின் நெருக்கடி. அந்த நஷ்டத்தைத் தொழிலாளி ஏன் சுமக்க வேண்டும்?

ஒரு நாளுக்கு எத்தனை விலை?

இனி பணக் கணக்கு. ஒருவருக்கு மொத்தச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 24,000 என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் 60 நாள். மிச்சம் 18 நாள் ஈ.எல்.

அவர் 60 நாளும் வேலை பார்த்துவிட்டு லீவைப் பணமாக வாங்கினால், பல நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். 24,000-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 800 ரூபாய். பதினெட்டு நாளுக்கு 14,400. சில இடங்களில் 26-ஆல் வகுப்பார்கள், அப்போது ஏறக்குறைய 16,600 வரும். உங்கள் நிறுவனம் 30-ஆல் வகுக்கிறதா 26-ஆலா என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். அதே 18 நாளை லீவாகவே எடுத்திருந்தால், அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் ஓடியிருக்கும். 60,000-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 2,000. ஆக, 2,000 ரூபாய் சம்பளம் ஓடும் ஒரு நாளை 800 ரூபாய்க்கு விற்கிறீர்கள்.

சரி, புது நிறுவனம் 45 நாளிலேயே வரச் சொல்கிறது என்று வையுங்கள். 15 நாள் நோட்டீஸ் குறைகிறது. குறையும் நாட்களுக்குப் பணம் கொடுத்து ஈடுகட்டுவதைத்தான் பை-அவுட் என்கிறார்கள். இங்கே பல நிறுவனங்கள் மொத்தச் சம்பளத்தை வைத்துப் பிடிக்கும்: 15 நாளுக்கு 30,000. லீவுக்குத் தருவதோ அடிப்படையை வைத்து 14,400. இரண்டையும் கழித்தால் அவர் கையிலிருந்து 15,600 ரூபாய் போகிறது. அதற்குப் பதிலாக, 15 நாள் குறைவை 15 நாள் லீவால் நாளுக்கு நாள் ஈடுகட்டினால் பிடித்தமே இல்லை, மிச்சம் 3 நாளுக்கு 2,400 கையில் வரும். வித்தியாசம் 18,000 ரூபாய். வாங்கும்போது ஒரு விலை, கொடுக்கும்போது ஒரு விலை என்று வைத்ததால் வந்த வித்தியாசம் அது. இப்படிக் கணக்குப் போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட, நாளுக்கு நாள் ஈடுசெய்யச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. பல மேலாளர்கள் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது உங்கள் பொறுப்பில் உள்ள வேலைகளின் ஒப்படைப்பு முடிவதுதான்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், 15 நாள் என்பது காலண்டர் நாள். சனி ஞாயிறு போக அதில் 11 வேலை நாள்தான் இருக்கும். லீவு வேலை நாளுக்குத்தான் கழியும் என்றால், 11 நாள் லீவே போதும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் 15 நாளைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஏராளம்.

பிடித்தத்தோடு ஜி.எஸ்.டி.யும் போட்ட காலம் ஒன்று இருந்தது. நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. கடைசிக் கணக்கில் அப்படி ஒரு வரி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

லீவில் இருப்பதும், லீவைக் கழிப்பதும்

நோட்டீஸின் கடைசி 15 நாளை லீவாக எடுத்தால், 60-ஆம் நாள் வரை நீங்கள் பழைய நிறுவனத்தின் ஊழியர்தான், சம்பளமும் அதுவரை வரும். லீவை நோட்டீஸில் கழித்துவிட்டால், 45-ஆம் நாளே உங்கள் கடைசி நாள், சம்பளமும் அன்றோடு நிற்கும். பேச்சில் இரண்டையும் “லீவை அட்ஜஸ்ட் பண்ணிட்டாங்க” என்றே சொல்கிறோம். பின்விளைவு முற்றிலும் வேறு.

முதல் வழியில் போய்விட்டு 46-ஆம் நாளே புது நிறுவனத்தில் சேர்ந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பதாக ஆகிவிடும். பி.எஃப். கணக்கில் பழைய நிறுவனம் பதிவு செய்யும் வெளியேறிய தேதியும், புது நிறுவனம் பதிவு செய்யும் சேர்ந்த தேதியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். பின்னணி சரிபார்க்கிறவர்கள் அந்த வரலாற்றைத்தான் திறந்து பார்க்கிறார்கள். பதினைந்து நாள் சம்பளத்துக்காக இந்தச் சிக்கலை வாங்கிக்கொள்ள வேண்டாம். உடனே சேர வேண்டும் என்றால் கழித்துவிட்டு வெளியே வாருங்கள். நடுவில் ஊருக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டும் என்றால் லீவில் இருங்கள்.

சிங்கப்பூரில் இந்த இரண்டையும் மனிதவள அமைச்சகமே பிரித்து விளக்குகிறது. அங்கே வேலைச் சட்டத்தின்படி முதல் வருடத்தில் 7 நாளில் தொடங்கி, எட்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வரை வருடாந்தர விடுப்பு. நோட்டீஸ் காலத்தில் விடுப்பு எடுத்தால் கடைசித் தேதி மாறாது, கழித்தால் தேதி முன்னால் வரும், சம்பளமும் அதுவரைதான். பிரிட்டனில் விஷயம் தலைகீழ். அங்கே வருடத்துக்கு 5.6 வாரம் சட்டப்படி விடுப்பு, வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு 28 நாள். 1998-ஆம் வருட வேலை நேர விதிகளின்படி, எத்தனை நாள் விடுப்போ அதைப்போல இரண்டு மடங்கு முன்னறிவிப்புக் கொடுத்து, “மிச்ச லீவை நோட்டீஸ் காலத்திலேயே எடுத்துவிடு” என்று முதலாளியே உத்தரவு போடலாம். ஐந்து நாள் விடுப்புக்குப் பத்து நாள் முன்பு சொன்னால் போதும். பணமாகத் தருவதைவிட ஆள் இருக்கும்போதே லீவில் அனுப்புவது அங்கே நிறுவனத்துக்கு லாபம். நம்மூரில் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் பணம் தருவது மலிவு என்பதால், லீவே கிடையாது என்பது பல இடங்களில் விதியாகிவிட்டது. ஒப்படைப்பு நடக்க வேண்டும் என்பது நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 60 நாளில் 5 நாள்கூடக் கிடையாது என்பதற்கும் 90 நாள் நோட்டீஸில் தங்கை கல்யாணத்துக்குக்கூட லீவு மறுப்பதற்கும் ஒப்படைப்பு காரணமாக முடியாது.

எப்படிக் கேட்பது

ராஜினாமா மெயிலிலேயே எழுதிவிடுவது நல்லது. இப்படி இருக்கலாம்:

“என் கடைசி வேலை நாள் மார்ச் 31. கணக்கில் 18 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. மார்ச் 9 முதல் 13 வரை 5 நாள் விடுப்பு வேண்டுகிறேன். அதற்குள் என் பொறுப்பில் உள்ள வேலைகளுக்கான குறிப்புகளை எழுதி ஒப்படைத்துவிடுகிறேன். மீதி 13 நாளுக்கான தொகையைக் கடைசிக் கணக்கில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். விடுப்பு தர இயலாவிட்டால் அதையும் இந்த மெயிலுக்குப் பதிலாகத் தெரிவிக்கவும்.”

கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதே நாளில் லீவு ஆப்பிலும் விண்ணப்பித்து, இருப்பு காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து சொந்த மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். கடைசி நாளன்று அலுவலக லாகின் மூடிவிட்டால் அப்புறம் எதையும் திறந்து பார்க்க முடியாது. நோட்டீஸ் காலத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டர் சீட்டு இல்லாமல் இருந்துவிடாதீர்கள். அந்த நாட்களைச் சொல்லித்தான் நோட்டீஸை நீட்டப் பார்ப்பார்கள்.

நியமன ஆணையில் “நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் விடுப்பின் அளவுக்கு நோட்டீஸ் நீட்டிக்கப்படும்” என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், லீவு எடுப்பதற்கு முன்பே நீட்டிப்பைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லையென்றால், நீட்டிக்கச் சொல்பவரிடம் அது எந்த விதியில் இருக்கிறது என்று தயங்காமல் கேட்கலாம்.

பணம் வரும்போது

மேலே சொன்ன நான்கு தொகுப்புகளில் ஒன்றான சம்பளத் தொகுப்புச் சட்டம், ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்கிறது. தொழிலாளி, மேலாளர் என்ற பேதம் இதில் இல்லை. “ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்கு) 45 நாள் ஆகும்” என்பது நிறுவனங்களின் வழக்கம், சட்டம் அல்ல.

வேலையை விடும்போது லீவுக்குப் பதிலாக வரும் பணத்துக்கு வருமான வரிச் சலுகை உண்டு. வேலையில் இருக்கும்போதே லீவை விற்றால் முழுவதற்கும் வரி, வெளியேறும்போது வாங்கினால் விலக்கு. தனியார் ஊழியர்களுக்கு அந்த விலக்கின் உச்சவரம்பு 2002 முதல் 3 லட்சமாகவே கிடந்தது. 2023 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்தபின், அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் 25 லட்சம் ஆனது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து அந்த வரம்பு. பத்து மாதச் சராசரிச் சம்பளம் என்ற இன்னொரு வரம்பும் உண்டு, இங்கே சம்பளம் என்பது அடிப்படையும் அகவிலைப்படியும்தான். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இந்த விலக்கு உண்டு. ஓய்வு பெறுகிறவர்களுக்கு மட்டும்தானே இது என்று சில சம்பளப் பிரிவுகள் வரியைப் பிடித்துவிடுகின்றன. அது சரியல்ல. ராஜினாமாவும் ஓய்வுக்குள் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1980-களிலேயே சொல்லிவிட்டது. பிடித்துவிட்டால் வருமான வரித் தாக்கலில் விலக்குக் கோரித் திரும்பப் பெறலாம். லீவுப் பணத்தில் பி.எஃப். பிடிக்கவும் கூடாது, அது அடிப்படைச் சம்பளத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைசிக் கணக்குச் சீட்டு வந்ததும் மூன்று வரிகளைப் பாருங்கள்: எத்தனை நாள் லீவு, எதனால் வகுத்திருக்கிறார்கள், நோட்டீஸ் பிடித்தம் எந்தச் சம்பளத்தின் மீது. ஒத்துவராவிட்டால் “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்” என்ற படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மெயிலில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், லீவு இருப்பின் ஸ்கிரீன்ஷாட், மறுத்து வந்த மெயில் ஆகியவற்றின் நகலை மனுவோடு இணையுங்கள்.